ஒரு நட்டுக் குறைந்தால்: திருகோணமலை வீதிகளில் சில்லுப் பாதுகாப்பு

காரின் ஒரு சில்லில் ஒரு நட்டைக் காணவில்லை. மற்றவை எல்லாம் இருக்கின்றன. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போகலாமா? எந்தச் சாரதியிடம் கேட்டாலும் உடனே பதில் வரும். "இன்னும் நாலு கிடக்குத்தானே" என்பார் ஒருவர். "நான் ரெண்டு வருசமா அப்பிடித்தான் ஓடுறன்" என்பார் இன்னொருவர். ஓடும் வண்டியிலிருந்து சில்லுக் கழன்று போனதைக் கண்ணால் கண்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர் மட்டும் தலையை ஆட்டி மறுப்பார்.

இரண்டு வருடமாக அப்படி ஓடுகிறவர் பொய் சொல்லவில்லை. ஒரு நட்டு இல்லாமல் பல வண்டிகள் பல காலம் ஓடித்தான் இருக்கின்றன. அதனால் "ஓடுமா" என்று கேட்பதில் பயனில்லை. எப்படி ஓடுகிறது, எதைச் செலவழித்து ஓடுகிறது, அந்த நட்டு முதலில் ஏன் போனது என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் சில்லு எதனால் நிற்கிறது என்று பார்ப்போம். ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளில் சில்லு தொங்குகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நட்டை இறுக்கும்போது ஆணி கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட ஆணி மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவைதான் றிம்மின் முகத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அப்படி அழுந்திய இரண்டு உலோக முகங்களுக்கு இடையிலான உராய்வே வண்டியின் பாரத்தையும், பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கையும், வளைவில் வரும் பக்கத் தள்ளலையும் பெரும்பாலும் தாங்குகிறது. ஆணியின் வேலை இழுத்துப் பிடிப்பது. பாரத்தைக் குறுக்கே சுமப்பது அதன் வேலையல்ல.

அந்த அழுத்தம் எவ்வளவு என்பதைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். எங்கள் வீதிகளில் ஓடும் ரொயோட்டா கார்கள் பலவற்றின் சில்லு நட்டுக்கு உற்பத்தியாளர் சொல்லும் இறுக்கம் 103 நியூற்றன் மீற்றர். ஆணியின் விட்டம் 12 மில்லிமீற்றர். வழக்கமான உராய்வுக் கணக்கில் பார்த்தால் ஓர் ஆணி தரும் அழுத்தம் 4 தொன்னுக்கு மேல். ஐந்து ஆணிகளும் சேர்ந்தால் 20 தொன்னைத் தாண்டும். ஒன்றரைத் தொன் எடைகூட இல்லாத காரின் ஒரு சில்லுக்கு இவ்வளவு எதற்கு? வீதிக் குழியில் விழும் கணம், திடீர் பிரேக், வேகமான வளைவு எதிலும் அந்த இரண்டு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்று இம்மியும் வழுக்கக்கூடாது என்பதற்காகத்தான். இந்தத் தாராளமான கையிருப்பு இருப்பதால்தான் ஒன்று போனாலும் வண்டி ஓடுகிறது.

ஆனால் இழப்பை எளிய பின்னமாகக் கணக்கிட முடியாது. ஐந்தில் ஒன்று போனால் மொத்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். நான்கு ஆணிச் சில்லில் அது கால் பங்கு. ஆறு ஆணி உள்ள ஹயஸ் வானில் ஆறில் ஒரு பங்கு. இதுவரை கணக்கு சரி. பிரச்சினை, அந்த இழப்பு வட்டம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை என்பது. நட்டு இல்லாத இடத்தில் றிம் ஹப்பிலிருந்து நுண்ணிய அளவு மேலெழும்பப் பார்க்கும். அதைத் தடுக்கும் சுமை பக்கத்திலுள்ள இரண்டு ஆணிகளின் மேல் விழும். சில்லு ஒருமுறை சுற்றும்போது அந்த ஆணிகள் ஒருமுறை கூடுதலாக வளைந்து நிமிரும். சாதாரணக் காரின் ரயர் ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 550 தடவை சுற்றும். கந்தளாய் சுமார் 40 கிலோமீற்றர். போய்ச் சேர்வதற்குள் 20,000 தடவைக்கு மேல் வளைந்து நிமிர்ந்திருக்கும். கொழும்புவரை போனால் எண்ணிக்கை ஒரு இலட்சத்தை நன்றாகத் தாண்டிவிடும்.

உலோகம் அப்படித்தான் களைக்கிறது. ஒரே இழுவையில் அறாத ஆணி, சிறிய சுமை திரும்பத் திரும்ப வந்தால் ஒரு விளிம்பில் கீறல் விடும். கீறல் மெல்ல உள்ளே நகரும். அறுந்து விழுந்த சில்லாணி ஒன்றைக் கையில் எடுத்து முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து வில் வில்லாக வளைந்த மெல்லிய கோடுகள், நிலாவெளி மணலில் பின்வாங்கிய அலைகள் விட்டுப்போன வரிகள்போல, ஒன்றின்பின் ஒன்றாக இருக்கும். மற்றப் பக்கத்தில் சொரசொரப்பான, பளபளக்கும் ஒரு திட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். கோடுகள் நாட்கணக்கில் நடந்த வேலை. திட்டு கடைசி நொடி. ஆணி முறிந்தது அன்றைக்குத்தான் என்றாலும் முறியத் தொடங்கியது எப்போதோ. இந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர் "ரெண்டு வருசமா ஓடுறன்" என்ற பேச்சைத் தைரியத்துக்குச் சான்றாக எடுக்கமாட்டார்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும். இலங்கையில் வாடகைக் காராகவும் ஓடிய டாட்டா நானோவின் சில்லுக்கு மூன்றே நட்டுகள். மூன்று போதும் என்று கம்பனியே முடிவு செய்திருக்கும்போது, என் காரின் ஐந்தில் நான்கு இருந்தால் என்ன குறை? கேட்பதற்கு நியாயமான வாதம். ஆனால் நானோ சுமார் 600 கிலோ எடையுள்ள வண்டி. அதன் மூன்று நட்டுகளும் சம இடைவெளியில், அந்த எடைக்கென்றே கணக்கிட்டு வைக்கப்பட்டவை. ஐந்து ஆணி வட்டத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சும் நான்கும் சம இடைவெளியில் இருப்பதில்லை. ஒரு பக்கத்தில் பெரிய வாய் திறந்திருக்கிறது. எண்ணிக்கையைவிட இந்த ஒழுங்கீனமே ஆபத்து. அருகருகே இரண்டு நட்டுகள் இல்லாத சில்லு, எதிரெதிராக இரண்டு இல்லாததைவிட மிக மோசமானது என்பதற்கும் காரணம் இதுதான்.

இந்தக் கேள்வி பந்தயத் திடலிலும் ஒருமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத்தில் அப்போது ஒவ்வொரு சில்லுக்கும் ஐந்து நட்டுகள் இருந்தன. ரயர் மாற்றும்போது ஐந்தும் இறுக்கப்பட்டனவா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். 2015இல் அந்தக் கண்காணிப்பைக் கைவிட்டார்கள். நொடிகளை மிச்சம் பிடிக்க அணிகள் ஐந்தையும் முழுதாக இறுக்காமல் காரை வெளியே அனுப்பத் தொடங்கின. கார்கள் அதிர்ந்தன, சில்லுகள் தளர்ந்தன. 2016 ஏப்ரலில் முன்னணிச் சாரதி டோனி ஸ்டூவர்ட் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்காக அவருக்கு 35,000 டொலர் அபராதம் விதித்தார்கள். ஆனால் சில நாட்களிலேயே ஐந்து நட்டுகளும் கட்டாயம் இறுக்கப்பட வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தார்கள். உலகத்தரமான ஆணி, உலகத்தரமான றிம், தேர்ந்த பணியாளர் எல்லாம் இருந்தும், எண்ணிக்கையில் கைவைத்த சலுகை ஒன்றரை ஆண்டுகூட நிற்கவில்லை.

சட்டங்களும் இதே பக்கம்தான். பிரித்தானியாவின் ஆண்டு வாகனச் சோதனையில் ஒரு சில்லில் ஒரு நட்டு இல்லாவிட்டாலோ தளர்ந்திருந்தாலோ பெருங்குறை என்று வண்டியைத் தோற்கடித்துவிடுவார்கள். ஒரே சில்லில் ஒன்றுக்கு மேல் இல்லை என்றால் அது 'அபாயம்' என்ற பிரிவுக்குப் போகும். அப்படிப்பட்ட வண்டியை வீதிக்கு எடுக்கவே கூடாது. அமெரிக்காவின் வர்த்தக வாகன விதியிலும் நட்டுகள் குறையவோ தளரவோ கூடாது என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்தில் நான்கு இருந்தால் போதும், ஆறில் ஐந்து இருந்தால் போதும் என்ற சலுகை இந்த இரண்டிலும் கிடையாது.

இனி, நட்டு ஏன் போகிறது என்ற கேள்வி. நன்றாக இறுக்கிய நட்டு ஓடும்போது தானாகக் கழன்று விழுவது மிக அரிது. சில்லுக் கழன்ற சம்பவங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, சற்று முன்னர் யாரோ அந்தச் சில்லைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான். ஜப்பானின் கணக்கு இதற்கு நல்ல சான்று. அங்கே கனரக வாகனங்களில் சில்லுக் கழன்ற சம்பவங்கள் 2011 நிதியாண்டில் 11ஆக இருந்தன. 2022 நிதியாண்டில் அவை 140 ஆகின. பெரும்பகுதி நவம்பர் முதல் பெப்ரவரி வரை, பனிக்கால ரயருக்கு மாற்றிய சில வாரங்களுக்குள் நடக்கின்றன. மாற்றியபின் சிறிது தூரம் ஓடிவிட்டு மறுபடி இறுக்கிப் பார்க்காததே முக்கிய காரணம் என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சு கண்டது.

அதே கணக்கில் எங்களுக்கு நேரடியாகத் தொடர்பான இன்னொரு செய்தியும் உண்டு. கழன்றவற்றில் மிகப் பெரும்பாலானவை இடது பின் சில்லுகள். ஜப்பானும் எங்களைப்போல வீதியின் இடது பக்கத்தில் ஓட்டும் நாடு. மழைநீர் வடிய வீதி இடப்பக்கம் சரிந்திருப்பதால் இடப்பக்கச் சில்லுகளுக்குச் சுமை கூடுகிறது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டி பெரிய வட்டத்தில், கூடிய வேகத்தில் திரும்பும்; பாரம் இடது பின்னுக்குச் சாயும். இடப்பக்கம் திரும்பும்போது அதே சில்லு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே முறுக்குப்படும். இவற்றோடு ஆணியின் புரியும் சேர்கிறது. பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்க ஆணிகளுக்கு இடப்புரி இருந்தது. சில்லு முன்னோக்கி உருளும் திசையும் நட்டு இறுகும் திசையும் ஒன்றாக இருக்கும். பின்னர் உலகத் தரத்துக்கு மாறி எல்லாப் பக்கமும் வலப்புரி ஆனது. இந்த மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையே விவாதம் உண்டு. எங்களுக்குப் பயன்படுவது இதுதான்: வண்டியைச் சுற்றிப் பார்க்க ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றால், முதலில் இடது பின் சில்லைப் பாருங்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இன்னும் கடுமையான பாடம் கற்றது. எங்கள் உறவுகள் அன்றாடம் ஓடும் 401ஆம் நெடுஞ்சாலை உட்பட அந்த மாகாண வீதிகளில் 1990களின் நடுப்பகுதியில் லொறிச் சில்லுகள் பறந்து வந்து உயிர்களைப் பறித்தன. 1997இல் சட்டம் திருத்தப்பட்டது. வர்த்தக வாகனத்திலிருந்து சில்லுக் கழன்றால், "நான் எல்லாம் கவனமாகத்தான் செய்தேன்" என்ற வாதமே நீதிமன்றத்தில் எடுபடாது. அபராதம் 2,000 முதல் 50,000 டொலர் வரை. பிரித்தானியாவில் 2006இல் வந்த ஆய்வொன்று, அங்கே ஆண்டுக்கு 150 முதல் 400 கனரக வாகனச் சில்லுகள் கழல்வதாகவும் அவற்றில் 3 முதல் 7 வரை உயிரிழப்பில் முடிவதாகவும் மதிப்பிட்டது. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இறப்பவர் பெரும்பாலும் அந்த வண்டியில் இருப்பவர் அல்ல. எதிரே வந்தவர், ஓரமாக நடந்தவர்.

2002 ஜனவரியில் ஜப்பானின் யோகோகாமாவில் ஒரு பெரிய லொறியின் முன்சில்லு கழன்று ஓடி, குழந்தைகளுடன் நடைபாதையில் சென்ற ஒரு தாயைக் கொன்றது. பராமரிப்பு மோசம் என்று உரிமையாளர்மேல் பழி போட்டது உற்பத்திக் கம்பனி. 2004இல் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை என்று ஒப்புக்கொண்டது. நட்டுகள் எல்லாம் இருந்தும் சில்லுப் போகலாம் என்பதற்கு இது சாட்சி. ஹப், பியரிங், ஆணி, நட்டு, றிம் ஐந்தும் சேர்ந்தே சில்லைப் பிடித்திருக்கின்றன. அவற்றில் நாம் வெளியிலிருந்து இறுக்கிப் பார்க்கக்கூடியது நட்டு மட்டும்தான்.

இப்போது திருகோணமலைக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் நிலைமை சில வகையில் தனியானது.

முதலாவது உப்பு. நகரத்தின் ஒரு புறம் திறந்த கடல், மறுபுறம் உள்துறைமுகம். உவர்மலையில் நிறுத்தினாலும் உப்புவெளியில் நிறுத்தினாலும் காற்றில் உப்பு வரும். அதற்குமேல் வடகீழ்ப் பருவத்தில் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மழையும் வெள்ளமும். ஆணியின் புரியில் துரு பிடித்தால் என்ன ஆகும்? நட்டை இறுக்கக் கொடுக்கும் முறுக்கில் உண்மையில் ஆணியை இழுக்கப் பயன்படுவது பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கையும் புரியிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. துரு அந்த உராய்வைக் கூட்டும்போது, கைக்கு இறுகியதுபோலத் தெரியும், அழுத்தம் வந்திருக்காது. துருவுக்குப் பயந்து எண்ணெய் தடவினால் எதிர்மாறு. உராய்வு குறைந்து, அதே முறுக்கில் ஆணி அளவுக்கு மீறி இழுபட்டுத் தன் மீள்தன்மையை இழக்கும். சில கனரக வாகனங்களுக்கு எண்ணெய் இடும்படி உற்பத்தியாளரே சொல்வதுண்டு. கார்களுக்குப் பெரும்பாலும் சுத்தமான, உலர்ந்த ஆணிதான் கணக்கு. ஹப்பின் முகத்தில் படியும் துருவும் அப்படியே. அதன்மேல் றிம்மை வைத்து இறுக்கினால், ஓட ஓடத் துரு நொறுங்கி இடைவெளி விடும். நட்டு தானாகத் தளரும்.

இரண்டாவது வீதியும் வேகமும். மூதூர்ப் பக்கம் போவதென்றால் ஒரு காலத்தில் படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. அதன்பின் கங்கை, இறால்குழி, உப்பாறு என்று மற்றப் பாலங்களும் வந்து, மட்டக்களப்பு வரைக்கும் ஏ-15 தொடர்ச்சியாக ஓடுகிறது. கந்தளாய், ஹபரணை வழி கொழும்புக்குப் போகும் ஏ-6உம் காபெற் வீதி. நல்ல காரியம். ஆனால் குண்டும் குழியுமான வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில், தளர்ந்த சில்லு கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். வழுவழுப்பான வீதியில் அதே தளர்வு சத்தமில்லாமல் வளர்ந்து, 70இல் ஓடும்போது முடிவுக்கு வரும். கழன்ற சில்லு வண்டியின் வேகத்திலேயே முன்னால் பாய்கிறது. வண்டி தரையில் இழுபட்டு வேகம் குறைய, சில்லு அதை முந்திக்கொண்டு, எதிரே வருகிறவர்களின் பக்கத்துக்கும் தாவக்கூடும். முன்சில்லு என்றால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. இது இரவில், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலான காட்டுப்பகுதியில் நடந்தால், இறங்கி ஜக் போடுவதற்குக்கூட யானைக்குப் பயப்பட வேண்டும்.

மூன்றாவது துறைமுகம். சீனக்குடாவின் மா ஆலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்க் குதங்களும் இருக்கும்வரை ஏ-6இல் பாரமேற்றிய லொறிகளும் பவுசர்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பத்து ஆணிச் சில்லுள்ள பெரிய லொறியின் நட்டுக்கு 550 முதல் 600 நியூற்றன் மீற்றர் வரை இறுக்கம் தேவை. காருக்கு வேண்டியதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்க ஆணிகள் இடப்புரி என்று தெரியாமல் வலப்பக்கம்போலவே கழற்றப் பார்த்து, இறுக்கி முறித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆணியின் நுனியில் 'எல்' அல்லது 'ஆர்' என்று பொறித்திருப்பதைப் பார்க்க ஒரு துணித்துண்டால் துடைத்தால் போதும். தம்பலகாமத்து அறுவடைக் காலத்தில் நெல்லேற்றி வரும் உழவு இயந்திரப் பெட்டிகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வீதியோர ரயர் கடையில் நடக்கும் வேலை. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நடுச்சாமத்திலும் எழுந்து வந்து எங்களை வீடு சேர்க்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் நின்று கவனித்துப் பாருங்கள். கழற்றிய நட்டுகள் மணல் தரையில் கிடக்கின்றன. ஒன்று உருண்டு காரின் அடியில் போகிறது. புரியில் ஒட்டிய மணலைத் துடைக்காமலே பையன் நட்டை வைக்கிறான். கையால் இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார வைக்காமல், முதல் சுற்றிலேயே காற்றில் இயங்கும் இறுக்கியை வைத்து அழுத்துகிறான். புரி கோணலாக ஏறினாலும் இயந்திரத்துக்குத் தெரியாது. காற்று இல்லாத கடை என்றால் வீல் பிரேஸின் மேல் ஏறி நிற்கிறான். "நானா, நல்லா இறுக்கிவிடுங்க, தூரம் போகணும்" என்று நாங்களும் சொல்கிறோம். அவரும் ஒரு குழாயைச் செருகி இன்னொருமுறை இறுக்குகிறார்.

கணக்குப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்றிமீற்றர் நீளப் பிரேஸின் நுனியில் நின்றாலே 175 நியூற்றன் மீற்றர் வந்துவிடுகிறது. ஒரு மீற்றர்க் குழாயின் நுனியில் அதே எடை ஏறக்குறைய 590 கொடுக்கும். அது லொறிக்கான இறுக்கம். காரின் 12 மில்லிமீற்றர் ஆணி அதைத் தாங்காது. உடனே முறியாவிட்டாலும் இழுபட்டு, அடுத்த மாதம் எங்கேயோ முறியும். ரொயோட்டாவின் 103 வேண்டுமானால் அந்த 30 சென்றிமீற்றர்ப் பிரேஸின் நுனியில் 35 கிலோ அளவுக்குக் கையால் அழுத்தினால் போதும். சுசுக்கியின் சின்னக் கார்களுக்குச் சொல்லப்படும் 85க்கு 29 கிலோ. குளியலறைத் தராசில் கையை ஊன்றி இந்த 35 கிலோ எப்படியிருக்கும் என்று பழகிக்கொள்ளலாம். அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் கைவசம் இல்லாதபோது இது நல்ல வழி.

காணாமற்போன நட்டுக்குப் பதிலாகப் பூட்டும் நட்டும் இங்கே பெரிய பிரச்சினை. எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்கள். ரொயோட்டா, ஹொண்டா நட்டுகளின் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். சுசுக்கி, நிஸான் நட்டுகளுக்கு 1.25. விட்டம் இரண்டுக்கும் 12தான். பார்வைக்கு ஒன்று. சுசுக்கி நட்டை ரொயோட்டா ஆணியில் இரண்டு சுற்று ஏற்றி, மீதியை இயந்திரத்தால் அழுத்தினால் இரண்டின் புரியும் நாசம். நட்டின் அடிப்பகுதியும் ஒன்றல்ல. கூம்பாக இருப்பது ஒன்று, ஹொண்டாவின் சொந்த றிம்முக்கு உருண்டையாக இருப்பது ஒன்று, ரொயோட்டாவின் சில அலோய் றிம்களுக்குத் தட்டையாக வோஷரோடு வருவது ஒன்று. கூம்புக் குழியில் உருண்டை நட்டை வைத்தால் அது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டு நிற்கும். எத்தனை இறுக்கினாலும் சில நாளில் தளரும். வண்டியில் ஐந்து நட்டுகள் இருக்கும். எண்ணினால் கணக்குச் சரி. பிடிப்பதோ நான்குதான்.

பொருளாதாரத்தையும் சொல்லாமல் விடமுடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. தனியார் கார் இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில். இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வண்டிகளே மேலும் பழசாகி ஓடின. உதிரிப்பாகம் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குச் சொல்லியனுப்பிக் காத்திருந்தவர்கள், கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் காரில் மாற்றவேண்டிய எத்தனையோ பாகங்களில் சில்லு நட்டும் ஆணியும் மிக மலிவானவற்றுள் சேரும். பணமில்லை என்ற காரணம் பியரிங்குக்குப் பொருந்தலாம், ரயருக்குப் பொருந்தலாம். நட்டுக்குப் பொருந்தாது.

இலங்கையின் சட்டம் இந்த இடத்தில் ஒரு ஓட்டையோடு நிற்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வீதிக்குத் தகுதியற்ற வண்டியைத் தடுத்து நிறுத்த அதிகாரம் உண்டு. பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆனால் ஒரு சாதாரணக் காரின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காட்டவேண்டியவை காப்புறுதியும், 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனைச் சான்றிதழும். அங்கே அளப்பது புகையை. பின்புறப் புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகிவிட்டு நிற்கும் இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கும் சில்லு, சான்றிதழில் எங்கும் வருவதில்லை. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் இறக்கும் நாட்டில், கார் ஒன்று இருபது வருடம் ஓடினாலும் அதன் சில்லு நட்டை அரசின் சார்பில் ஒருவர் தொட்டுப் பார்க்கும் கட்டாயம் இல்லை. காப்புறுதி ஒப்பந்தத்தில் வாகனத்தை ஓடத்தக்க நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும் என்பதை விபத்து நடந்த பிறகுதான் பலர் வாசிக்கிறார்கள்.

இனி என் முடிவைச் சொல்கிறேன். ஐந்து அல்லது ஆறு ஆணிச் சில்லில் ஒன்று மட்டும் இல்லை, மற்றவை சரியாக இறுகியிருக்கின்றன என்றால், ஆட்களையும் பாரத்தையும் குறைத்துக்கொண்டு, வேகம் 40க்கு மேல் போகாமல், பக்கத்திலுள்ள கராஜ்வரை போகலாம். நாலாம் கட்டையிலிருந்து திருகோணமலை நகரிலுள்ள அனுராதபுரச் சந்திக்கு வரலாம். கந்தளாய்க்குப் போகக்கூடாது. நான்கு ஆணிச் சில்லில் ஒன்று இல்லை என்றால், மற்ற மூன்றையும் இறுக்கி, சில கிலோமீற்றர் மட்டும். இரண்டு இல்லை என்றால், எத்தனை ஆணிச் சில்லானாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நான்கு ஆணிச் சில்லுள்ள வண்டியில், நடுவழியில் ஒரு சில்லின் நட்டுகள் முழுதாகத் தொலைந்தால், மற்ற மூன்று சில்லிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டி, மெதுவாகக் கடைவரை போவது அனுபவமுள்ள சாரதிகள் செய்யும் காரியம். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அது முடிந்துவிட வேண்டும்.

நட்டு விழுந்ததா, ஆணி முறிந்ததா என்று பிரித்துப் பாருங்கள். ஆணி முறிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாது. இருபக்கத்திலும் இருந்த ஆணிகள் அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்து களைத்திருக்கும். பெரிய லொறிகளில் ஒன்று முறிந்தால் அயலிலுள்ள இரண்டையும், இரண்டு முறிந்தால் அந்தச் சில்லின் ஆணிகள் அனைத்தையும் மாற்றுவதுதான் முறை. காருக்கும் அதையே கடைப்பிடிப்பது நல்லது. றிம்மின் துளை நீள்வட்டமாகி இருந்தால் அந்த றிம் இனி வேண்டாம்.

தளர்வு முன்கூட்டியே அடையாளம் காட்டும். நட்டின் அடியிலிருந்து வெளியே இறங்கும் செம்மஞ்சள் துருக்கோடு ஒன்று. துளையைச் சுற்றிப் பெயின்ற் தேய்ந்து உலோகம் பளபளப்பது இன்னொன்று. மெதுவாக ஓடும்போது டிக் டிக் என்ற சத்தம், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது. ஓடும்போது சில்லு ஆடுவதாக உணர்ந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். அக்சிலேற்றரை விட்டு, நேராகப் பிடித்து, இடப்பக்கம் ஒதுங்குங்கள்.

கடையில் சில்லுக் கழற்றிப் பூட்டும்போது காருக்குள் இருக்காமல் இறங்கி நில்லுங்கள். "தம்பி, ஆணியை ஒருக்காத் துடைச்சுப்போட்டுப் பூட்டுங்கோ, முதல்ல கையால ஏத்துங்கோ" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். எதிரெதிராக மாறி மாறி இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின், சில்லு ஆறியிருக்கும்போது, மறுபடி ஒருமுறை நீங்களே பிரேஸை வைத்துப் பாருங்கள். கொழும்புக்குப் போகிற வழியில் ரயர் மாற்றினால், தம்புள்ளையில் தேநீருக்கு நிற்கும்போது அதைச் செய்துவிடலாம்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஒரு கோரிக்கை. ஏறக்குறைய ஒவ்வொரு காரும் வருடத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை நிலையத்துக்கு வந்தே ஆகிறது. புதிய கட்டடம் வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம். அங்கே ஒருவர் நான்கு சில்லின் நட்டுகளையும் எண்ணி, ஒரே வகையா என்று பார்த்து, டோர்க் ரென்ச் வைத்துச் சரிபார்த்துச் சான்றிதழில் ஒரு வரி எழுதட்டும். ஒரு காருக்கு ஐந்து நிமிடம் போதும். குறையிருந்தால் அன்றைக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. உப்புக் காற்றும் பார லொறிகளும் ஒன்றாக இருக்கும் திருகோணமலை மாவட்டத்திலேயே இதை முதலில் தொடங்கலாம்.